பேய்ச்சுரத்தின் மூன்று வீடுகள்: கிட்டார் ஸ்பீக்கரை மாற்றுவதன் முன்கதை

எலெக்ட்ரிக் கிட்டாரின் மெல்லிய முதல் தந்தியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் எழ வேண்டியது ஒரே சுரம். அதன் அதிர்வெண் ஏறத்தாழ 659 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவை ஏற்றிவிட்டு அந்தச் சுரத்தை நீளப் பிடித்தால், சில கருவிகளில் அதன் அடியில் இன்னொரு சுரமும் கேட்கத் தொடங்குகிறது. அதை வாசிப்பவர் மீட்டவில்லை. தந்தியில் அது இல்லை. முதலில் ஒரு முனகல்போல எழுந்து, பின் தெளிவான சுரமாக நின்று, மூலச் சுரம் தளர்ந்ததும் சட்டென மறைகிறது. கிட்டார்க் கலைஞர்கள் இதற்கு இட்ட பெயர் பேய்ச்சுரம். (டிரம்ஸ் வாசிப்பில் இதே பெயர் மிக மெல்லத் தட்டப்படும் அடியைக் குறிக்கும், அது வேறு பொருள்.) பேய்ச்சுரம் கேட்டவுடன் பெரும்பாலோர் எடுக்கும் முடிவும் ஒன்றே: பழைய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது.

தமிழில் திருவிழாப் பந்தலில் கட்டப்படும் கூம்புக்கு ‘ஒலிபெருக்கி’ என்று பெயர். உண்மையில் அந்தக் கூம்பு எதையும் பெருக்குவதில்லை. மின்குறிப்பைப் பெருக்குவது வேறோர் இடத்தில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர். கூம்பு அதனை ஒலியாக மாற்றித் தருகிறது. ஆயினும் ஒலி எங்கிருந்து காதுக்கு வருகிறதோ அந்தப் பொருளுக்கே செயல் முழுவதையும் ஏற்றிச் சொல்வது மொழியின் இயல்பு. பழியையும் மக்கள் அங்ஙனமே ஏற்றுகின்றனர். பேய்ச்சுரத்துக்கு வரலாற்றில் மூன்று வீடுகள் உண்டு: கேட்பவரின் காது, ஆம்ப்ளிஃபயரின் மின்வழங்கி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு. புதிய ஸ்பீக்கர் அதனை மூன்றாவது வீட்டிலிருந்து மட்டுமே வெளியேற்றும். கீழே ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்ற இரு சொற்களும் அவற்றின் தனித்தனிப் பொருளிலேயே ஆளப்படுகின்றன.

காதின் கதை மிகப் பழையது. இத்தாலிய வயலின் கலைஞர் ஜுசெப்பே தார்த்தீனி, இரண்டு தந்திகளை ஒருசேர இழைக்கும்போது மூன்றாவதாக ஒரு தாழ்ந்த சுரம் கேட்பதை 1714-இல் கண்டதாகக் கூறினார். அதனை ‘மூன்றாம் ஒலி’ என்று 1754-இல் வெளியான தம் இசை நூலில் விளக்கினார். அவர் நூல் வெளிவரும் முன்னரே ஜெர்மானிய இசையறிஞர் கியோர்க் சோர்கே இதே நிகழ்வை அச்சில் குறித்திருந்தார். 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்குக் கணிதம் தந்தார்: ஒலியைக் கடத்தும் அமைப்பு ஒன்று, தனக்குள் வரும் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் அசையாதிருந்தால், இரு சுரங்களின் அதிர்வெண்களுடைய கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக அதிலிருந்து பிறக்கும். அந்த அமைப்பு காதாகவும் இருக்கலாம், கருவியாகவும் இருக்கலாம்.

இந்த விதியில் ஒரு முக்கியமான நிபந்தனை அடங்கியிருக்கிறது. தார்த்தீனியின் மூன்றாம் ஒலி எழ இரண்டு சுரங்கள் வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மீட்டப்பட்டது ஒன்றே. ஆகவே காது இங்கே குற்றமற்றது. அல்லது இரண்டாவது சுரம் ஒன்று யாரும் அறியாமல் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது வாய்ப்பை மின்வழங்கியிடம் வரும்போது மீண்டும் காணலாம்.

மரபிலக்கணம் புணர்ச்சியில் நிகழும் விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுக்கிறது. ஒலிப் பொறியியலின் கலைச்சொற்களுள் பெரும்பாலானவை திரிதலையும் கெடுதலையும் நன்றாகவே கையாள்கின்றன: அலையின் வடிவம் திரிகிறது, உயர் அதிர்வெண்கள் கெடுகின்றன. தோன்றலுக்குத்தான் அங்கே நல்ல பெயர் இல்லை. அதனால்தானோ என்னவோ, கலைஞர்கள் பேயை அழைக்க வேண்டியதாயிற்று.

ஒரே சுரத்திலிருந்து அதன் பாதி அதிர்வெண் கொண்ட இன்னொன்று தோன்ற முடியும் என்பது கிட்டாருக்கு நெடுங்காலம் முன்பே தெரிந்த செய்தி. 1831-இல் மைக்கேல் ஃபாரடே, அதிரும் தட்டின்மேல் பரப்பிய நீர்மத்தின் அலைகள் தட்டின் வேகத்தில் பாதியில் மட்டுமே எழுவதைக் கண்டார். 1860-ஐ ஒட்டி ஃபிரான்ஸ் மெல்டே, இசைக்கவையின் புயத்தில் ஒரு நூலைக் கட்டி, புயம் நூலின் நீளவாக்கிலேயே இழுத்துத் தளர்த்துமாறு அமைத்தார். நூல் பக்கவாட்டில் அசைந்தது. கவையின் அதிர்வெண்ணில் சரிபாதியில் அசைந்தது. காரணத்தை ஊஞ்சலில் காணலாம். நின்றபடி ஊஞ்சலாடுபவர் முன்னும் பின்னுமாகச் செல்லும் ஒரு முழு ஆட்டத்துக்குள் முழங்காலை இருமுறை மடக்கி நிமிர்கிறார். தருகிற உந்துதல் இரண்டு, பெறுகிற ஆட்டம் ஒன்று. ராலே பிரபு 1883-இலும் 1887-இலும் எழுதிய கட்டுரைகளில் இதன் கணக்கைத் தீர்த்தார்.

இந்த வரிசையில் அடுத்து வருபவர் இந்தியர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் செய்த தொடக்ககால வேலைகளுள் பெரும்பகுதி, அதிர்வுகள் எவ்வாறு நிலைநிறுத்தப்படுகின்றன என்பதைப் பற்றியது. அவை 1912-இல் கழகத்தின் வெளியீடாக வந்தன. மெல்டேயின் நூல் பாதி வேகத்தில் மட்டுமே அசையும் என்பதில்லை. இழுவிசையைப் பொருத்தமாக அமைத்தால் கவையின் அதே வேகத்திலும், ஒன்றரை மடங்கிலும், இரு மடங்கிலும்கூட அதனை நிலைநிறுத்தலாம் என்று அவர் சோதனையால் காட்டினார். ஒளிச்சிதறலின் பெரும்புகழ் இந்த வேலையை மறைத்துவிட்டது. பாடநூல்கள் 1928-ஐச் சொல்கின்றன, 1912-ஐச் சொல்வதில்லை. பேய்ச்சுரத்தின் இயற்பியலைத் தேடுபவருக்கோ இரண்டாவது ஆண்டே வேண்டும்.

ராமன் 1916-இல் செல்லோவின் ‘ஓநாய்ச் சுரம்’ பற்றியும் எழுதினார். செல்லோவின் மர உடலுக்கு இயல்பாக ஓர் அதிர்வெண் உண்டு. தந்தியில் வாசிக்கும் சுரம் அதனோடு பொருந்தும் இடத்தில் உடல் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. வில்லால் தந்தியைச் சீராக ஓட்ட முடிவதில்லை. ஒலி எழுந்தும் விழுந்தும் ஊளையிடுகிறது. இதுவும் தேவையற்ற ஒலியே. இதுவும் விரற்பலகையில் ஏதோ ஓரிடத்தில் மட்டுமே குடியிருப்பது. ஓநாய், பேய், அழுகை என்று பெயர்கள் மாறினாலும், தாம் செய்யாததைக் கருவி செய்கிறது என்ற கலைஞரின் திகைப்பு அவற்றில் பொதுவாக நிற்கிறது.

இனிக் கூம்பு. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் ஆகிய இருவரும் 1925-இல் வெளியிட்ட ஆய்வுரையே இன்றைய ஸ்பீக்கரின் பிறப்புச் சான்று. காந்த இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு. கூம்பின் வெளி விளிம்பைச் சட்டத்தோடு தளர்வாகப் பிணைக்கும் மடிப்பு. நூறாண்டு கழிந்தும் கிட்டார் ஸ்பீக்கரின் அமைப்பு அடிப்படையில் இதுதான். அக்காலத்தில் வலிய நிலைக்காந்தம் மலிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே காந்தத்துக்குப் பதிலாக மின்காந்தத்தைப் பயன்படுத்தினர். அதன் பெருஞ்சுருளுக்கு நேர்மின்னோட்டம் வேண்டியிருந்தது. அந்த மின்னோட்டத்தை எங்கிருந்து பெறுவது?

அதற்குப் பொறியாளர்கள் கண்ட விடை சிக்கனமானது, அழகானதும்கூட. ஆம்ப்ளிஃபயரின் வால்வுகளுக்குச் செல்லும் நேர்மின்னோட்டத்தை ஸ்பீக்கரின் பெருஞ்சுருள் வழியாகவே செலுத்தினர். சுருள் காந்தமாயிற்று, அதே வேளையில் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும் சோக்காகவும் வேலை செய்தது. டியூப்லைட் வழியாக நம் வீடுகளில் அறியப்பட்ட சோக்கின் உறவுதான் அது. இங்ஙனம் ஸ்பீக்கரின் ஒரு பாதி மின்வழங்கியின் உறுப்பாயிற்று. மின்வழங்கியின் இரைச்சல் கூம்புக்குள் கசிவதை அடக்க, குரற்சுருளோடு எதிர்த்திசையில் சில சுற்றுகள் கொண்ட சிறுசுருள் ஒன்றும் சேர்க்கப்பட்டது. ‘ஹம்பக்கிங்’ என்ற சொல் கிட்டார் உலகில் சேத் லவர் 1955-இல் காப்புரிமை கோரிய பிக்கப்பின் பெயராகவே இன்று அறியப்படுகிறது. அச்சொல் அதற்கு முன்பே ஸ்பீக்கருக்குள் வாழ்ந்தது.

1930களின் நடுவில் கிப்சன் நிறுவனம் விற்ற ஈ.எச்-150 ஆம்ப்ளிஃபயர் இத்தகையது. சார்லி கிறிஸ்டியனின் ஜாஸ் கிட்டார் அதன் வழியே ஒலித்தது. லியோ ஃபெண்டர் 1946-இல் மரப்பெட்டியில் அமைத்து விற்ற முதல் ஆம்ப்ளிஃபயர்களிலும் மின்காந்த ஸ்பீக்கரே இருந்தது. அத்தகைய பெட்டியில் பழுதான ஸ்பீக்கரைக் கழற்றி, சோக்குக்கு மாற்று எதுவும் வைக்காமல், வெறுமனே நிலைக்காந்த ஸ்பீக்கரைப் பொருத்தி வேலையை முடிக்க இயலாது. மின்வழங்கியின் வடிகட்டலே போய்விடும். பேயை ஓட்ட ஸ்பீக்கரை மாற்றுவது இன்றைய வழக்கம். அன்று ஸ்பீக்கரை மாற்றுவதே பேயை வரவழைக்கும் வழியாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் இரண்டு டேனிஷ்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் நகர்வது கடினம். வால்டெமர் பௌல்சன் என்ற கண்டுபிடிப்பாளரின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற பீட்டர் ஜென்சன், பௌல்சனின் வானொலிக் கருவிகளை நிறுவ 1909-இல் கலிஃபோர்னியா சென்றவர். 1915-இல் எட்வின் பிரிதமோடு சேர்ந்து மேக்னவாக்ஸ் என்ற ஒலிபெருக்கியைப் பொதுமக்கள்முன் இயக்கிக் காட்டினார். 1927-இல் தம் பெயரில் தனி நிறுவனம் தொடங்கினார். ஃபெண்டரின் பெட்டிகளுக்குள் இருந்தவை அந்த ஜென்சன் நிறுவனத்தின் ஸ்பீக்கர்கள். மற்றவர், அதே பௌல்சனின் நெடுநாள் துணைவரான பி. ஓ. பெடர்சன். கோபன்ஹேகன் தொழில்நுட்பக் கல்லூரியின் தலைவராக இருந்த அவர், 1935-இல் அமெரிக்க ஒலியியல் சங்க இதழில் இரு பகுதிகளாக வெளியிட்ட கட்டுரை, ஒலிபெருக்கிகளில் பாதி அதிர்வெண் சுரங்கள் எழுவதையே ஆராய்கிறது. ஒரே கூரையின்கீழ் வேலை பார்த்த இருவருள் ஒருவர் கூம்பை உலகமெங்கும் விற்றார். மற்றவர் அந்தக் கூம்பின் பேயை அளந்தார். தற்செயல்தான்.

பெடர்சன் விளக்கிய நிகழ்வை வீட்டிலேயே காணலாம். ஓர் அஞ்சலட்டையை இரு விரல்களுக்கிடையே நீளவாக்கில் பிடித்து அழுத்தினால் அது ஒரு பக்கமாக வளைகிறது. விட்டு மீண்டும் அழுத்தும்போது, முந்தைய அசைவின் வேகம் மிச்சமிருந்தால், மறுபக்கமாக வளையும். இரண்டு அழுத்தங்களுக்கு ஒரு முழு வளைவு. குரற்சுருள் கூம்பின் கழுத்தைத் தள்ளும்போது காகிதச் சுவர் தன் நீளவாக்கில் நெருக்கப்படுகிறது. போதிய வலிமையோடு நெருக்கினால் அது அடுத்தடுத்து இருபுறமும் நொடிந்து வளைகிறது. 659 ஹெர்ட்ஸில் தள்ளினால் 330-ஐ ஒட்டி வளைகிறது. இது மெல்டேயின் நூல்தான். நூலுக்குப் பதில் காகிதம். கூம்புக்கு வளையும் விதங்கள் பல உள்ளன. ஆகவே சில வேளைகளில் சரிபாதிக்குப் பதிலாக, இரண்டின் கூட்டுத்தொகை மூலச் சுரத்துக்குச் சமமாகும் வேறு இரு அதிர்வெண்கள் பிறப்பதும் உண்டு. பாதிச் சுரம் ஒரு ஸ்தாயி கீழே ஒலித்து ஓரளவு இணக்கமாகவே இருக்கும். பிந்தைய இரட்டைகள் காதை உறுத்துபவை. ‘கூம்பின் அழுகை’ என்ற பெயர் அவற்றுக்கே மிகவும் பொருந்தும்.

இந்நிகழ்வுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. ஒரு வரம்புக்குக் கீழே அது அறவே தோன்றாது. வரம்பைத் தாண்டியதும் திடீரென்று எழும். எழுந்து வளர அதற்குச் சிறிது நேரமும் வேண்டும். அந்த நேரம் முழுவதும் உந்துதல் ஒரே அதிர்வெண்ணில் நீடிக்க வேண்டும். 1940-இல் வெளியான ஹாரி ஓல்சனின் ஒலிப்பொறியியல் பாடநூலிலேயே இது இடம்பெற்றுவிட்டது. ஆனால் வானொலிப் பொறியாளர் இதைப் பெரிதாகப் பொருட்படுத்தக் காரணம் இல்லை. பேச்சில் ஒரே சுரம் நீடிப்பதில்லை. வரவேற்பறை வானொலியின் ஒலியளவும் வரம்பைத் தொடுவதில்லை. கூம்பு குற்றமற்றதாகக் கருதப்பட்டது, குற்றம் வெளிப்படும் சூழல் அன்று இல்லாமையால்தான்.

அச்சூழலை உண்டாக்கியது கிட்டார். 1950களின் இறுதியில் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயரில் பத்து அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள் நான்கு இருந்தன. 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷலும் துணைவர்களும் அதன் மின்சுற்றைப் பின்பற்றித் தம் முதல் ஆம்ப்ளிஃபயரை அமைத்தபோது, ஜென்சனின் இடத்தில் உள்ளூர்ச் செலஸ்டியன் ஸ்பீக்கர்களை வைத்தனர். பன்னிரண்டு அங்குலத்தில் நான்கு கொண்ட பெட்டி பிறந்தது. அரங்குகள் பெருகின, ஒலியளவு ஏறியது. அதனினும் முக்கியமான மாற்றம் வேறொன்று. ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் தள்ளி வாசிக்கும்போது அலையின் உச்சிகள் வெட்டப்படுகின்றன. தந்தி தளர்ந்தாலும் ஒலி தளராமல் நிற்கிறது. மீட்டியவுடன் தேயும் கருவியாக இருந்த கிட்டார், வயலினைப் போல நீடித்து நிற்கும் கருவியாயிற்று. உரத்த, ஒற்றையான, நெடுநேரம் நிற்கும் சுரம்: கூம்பின் பேய் எழ வேண்டிய நிபந்தனைகள் முப்பதாண்டு கழித்து ஒருசேர நிறைவேறின. ஸ்பீக்கர் மாறவில்லை; அதனிடம் கேட்கப்பட்டது மாறிற்று.

அதே ஆண்டுகளில் வேறு சிலர் பேயைத் தேடிச் சென்றனர் என்பதையும் மறக்கலாகாது. 1958-இல் வந்த ‘ரம்பிள்’ இசைத்துண்டின் ஒலிக்காக லிங்க் ரே தம் ஸ்பீக்கரைக் குத்தித் துளைத்ததாகச் சொல்லப்படுகிறது. 1964-இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சவர அலகால் கூம்பைக் கீறினார். ராக் இசையின் ‘பவர் கார்டு’ என்பதும் தார்த்தீனியின் மூன்றாம் ஒலிதான். கிட்டாரின் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமம் 123. திரிபுற்ற ஆம்ப்ளிஃபயரில் இவ்விரண்டின் வேறுபாடாக 41 ஹெர்ட்ஸ் பிறந்து, ஒரு ஸ்தாயி கீழே நின்று அந்தக் கனத்தைத் தருகிறது. இங்கும் யாரும் மீட்டாத சுரமே கேட்கிறது. ஆனால் அது இசையாகிவிடுகிறது. விரும்பப்பட்ட பேயையும் விரும்பப்படாத பேயையும் பிரிக்கும் கோடு இயற்பியலில் இல்லை.

இரண்டாவது வீடான மின்வழங்கிக்கு இப்போது வரலாம். வீட்டு மின்சாரம் மாறுமின்னோட்டம். அதனை நேராக்கும்போது இரு மடங்கு அதிர்வெண்ணில் ஒரு சிற்றலை எஞ்சி நிற்கும். மின்தேக்கிகள் அந்தச் சிற்றலையைத் தணிக்கின்றன. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் மின்தேக்கிகளின் கொள்ளளவு குறைவு. மின்பகுபொருள் நிரப்பிய மின்தேக்கிகள் காலம் செல்லச்செல்ல வலுவும் இழக்கின்றன. வாசிப்பு உரக்கும்போது வால்வுகள் அதிக மின்னோட்டம் இழுக்கின்றன, சிற்றலை பெரிதாகிறது, அது வாசிக்கப்படும் சுரத்தோடு கலக்கிறது. தார்த்தீனியின் நிபந்தனை நிறைவேறிவிட்டது: அழைக்கப்படாத இரண்டாவது சுரம் மின்கம்பி வழியாகவே உள்ளே வந்திருக்கிறது.

இந்தப் பேய்க்கு நாடு உண்டு. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்; சிற்றலை 120. பிரிட்டனிலும் இந்தியாவிலும் 50, சிற்றலை 100. 440 ஹெர்ட்ஸ் சுரத்தை வாசித்தால் சிகாகோவில் 320-உம் 560-உம் பேயாக வரும். லண்டனிலும் கொல்கத்தாவிலும் அதே பெட்டியில் 340-உம் 540-உம் வரும். ஒரே ஆம்ப்ளிஃபயர் கடல் கடந்தால் கிட்டார் சுருதி மாறுவதில்லை, பேயின் சுருதி மாறிவிடுகிறது. கூம்பின் பேய்க்கு இத்தகைய தேசியம் இல்லை. எங்கு வாசித்தாலும் 440-க்குப் பாதி 220-தான்.

இரண்டையும் பிரித்தறிய இதுவே வழி. கூம்பின் பேய் மூலச் சுரத்தோடு ஒரே விகிதத்தில் நகரும். பெரும்பாலும் சில ஃப்ரெட்டுகளில் மட்டும் தோன்றி அடுத்த ஃப்ரெட்டில் மறைந்துவிடும். மின்வழங்கியின் பேய் எல்லாச் சுரங்களையும் தொடரும். ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் இடைவெளி மாறிக்கொண்டேயிருக்கும். 440-இல் சுமார் மத்தியமத் தூரத்தில் நின்ற அது, 880-இல் 760 ஆகி மூன்றாம் சுரத்துக்கும் குறைவான தூரத்துக்கு நெருங்கிவிடும். அதனால்தான் அது எப்போதும் அபசுரமாக ஒலிக்கிறது. இதனினும் எளிய சோதனையும் உண்டு: அதே ஆம்ப்ளிஃபயரை, மின்தடை பொருந்திய வேறொரு ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்து அதே சுரத்தை வாசிப்பது. பேய் கூடவே வந்தால் அது கூம்பில் இல்லை. மின்தேக்கிகளை மாற்ற வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள்ளே நானூறு வோல்ட்டு அளவில் மின்னழுத்தம் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் தங்கியிருக்கக் கூடுமாதலின், அது பயிற்சி பெற்றவர் கை வைக்க வேண்டிய இடம்.

பேய் கூம்பில்தான் என்று உறுதியானால் தேர்வு தொடங்குகிறது. அதற்கான மருந்தும் பழையதே: விளிம்பு மடிப்பில் உலராத பசைபோன்ற பூச்சைத் தடவி அதன் அதிர்வைத் தணிப்பது. 1960களின் தொடக்கத்தில் டிக் டேல் ஃபெண்டரையும் பதினைந்து அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கர்களையும் அவற்றின் எல்லைவரை தள்ளியபோது விளிம்புக்கு ரப்பர்த்தன்மை தரவேண்டியிருந்தது என்று அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். இன்று தேர்வு செய்பவர் முன் உள்ள வழிகள்: பூச்சிட்ட விளிம்பு, தடித்த கூம்பு, வரியோடிய கூம்பு, வேறு இயல்பதிர்வு கொண்ட கூம்பு. செலஸ்டியன் ஸ்பீக்கர்களிலேயே 55 ஹெர்ட்ஸ் இயல்பதிர்வு கொண்டதும் 75 கொண்டதும் தனித்தனிக் கூம்புகளோடு வந்தன. வாட் அளவை மட்டும் பார்த்து வாங்குவது பயனற்றது. அது குரற்சுருள் தாங்கும் வெப்பத்தைச் சொல்லும் எண், கூம்பின் நடத்தையைச் சொல்வதன்று.

தடித்த கூம்பும் கனத்த பூச்சும் பேயை அடக்கும். அவற்றோடு உயர் சுரங்களின் மினுக்கமும் அடங்கும். மெல்லிய காகிதம் எளிதில் நொடிவதாலேயே பழைய ஜென்சன் அந்த ஒலியைத் தந்தது. மெல்லிய காகிதம் எளிதில் நொடிவதாலேயே அது அழவும் செய்தது. எந்தத் தயாரிப்பாளராலும் இவ்விரண்டையும் முழுமையாகப் பிரித்துத் தர இயலவில்லை. பழைய ஸ்பீக்கரின் விளிம்பில் பூச்சைத் தடவுவதும் திரும்பப் பெற முடியாத செயல். காகிதம் ஊறியபின் அதனை எடுக்க வழியில்லை.

அசல் பொருளைத் தேடிப் பொருத்துவோம் என்றாலும் எது அசல் என்பது எளிய வினா அன்று. ஜென்சன் தன் ஸ்பீக்கர் பெயர்களின் முதலெழுத்தாலேயே காந்தத்தைக் குறித்தது: எஃப் என்றால் மின்காந்தம், பி என்றால் அல்னிகோ நிலைக்காந்தம், சி என்றால் செராமிக். இந்த மூன்றெழுத்து வரிசையே ஒரு பொருளாதார வரலாறு. அல்னிகோவில் கோபால்ட் உண்டு. 1977, 1978 ஆண்டுகளில் ஜயர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் நடந்த போர்கள் கோபால்ட் விலையை ஏற்றிவிட, ஏற்கெனவே செராமிக் நோக்கி நகர்ந்துகொண்டிருந்த தொழில் அல்னிகோவைப் பெரும்பாலும் கைவிட்டது. 1990களில் பழமைக்கு விலை வந்தபோது ஜென்சன் பெயரில் இத்தாலியில் சிகா நிறுவனம் மறுபதிப்புகளைச் செய்யத் தொடங்கியது. பெயர் சிகாகோவுடையது, காகிதம் இத்தாலியுடையது. நன்றாகவே ஒலிக்கின்றன, 1959-இன் கூம்பு அதே சுரத்தில் அதே வகையில் அழுததா என்பதற்கு அவை சான்றாக மாட்டா.

சான்று இருப்பது கழற்றிப் போடப்படும் ஸ்பீக்கரின் சட்டத்தில். அமெரிக்க ஸ்பீக்கர்களின் விளிம்பில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 220 எனத் தொடங்கினால் ஜென்சன். 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்ட். 137 என்றால் சிடிஎஸ். 67 என்றால், 1966-இல் கென்டக்கியில் தொடங்கிய எமினன்ஸ். அதற்கடுத்த இலக்கங்கள் ஆண்டையும் வாரத்தையும் சொல்கின்றன. ஆண்டுக்கு ஒரே இலக்கம் இட்ட காலத்தில் 8 என்பது 1948-ஆகவும் இருக்கலாம், 1958-ஆகவும் இருக்கலாம்; பெட்டியையும் மின்மாற்றியின் எண்ணையும் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். கூம்பைப் புதுப்பித்த ஸ்பீக்கரில் சட்டத்தின் எண் அப்படியே இருக்கும், காகிதம் நேற்றையதாக இருக்கும். ஆகவே மாற்ற முடிவு செய்தவர் கழற்றியதைத் தூக்கி எறியாமல், பேய் எழுந்த ஃப்ரெட்டையும் அப்போதைய ஒலியளவையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, சட்டத்தில் ஒட்டி, கூம்பு கீழ்நோக்கித் தரையில் படாதவாறு ஓர் அட்டைப்பெட்டியில் வைக்கலாம்.